தீபாவளிக்கு ஊருக்குப் போக எத்தனை டிக்கட்?

லண்டனில் டிக்கட்டை வெட்டினால் காசு மிச்சம். ஊவாத் தோட்டத்துப் பிள்ளை வெட்டினால் கிடைப்பது வேறு.

ஊவாவின் பெரகல சந்தியில் ரயில் நிலையம் கிடையாது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல என்று ஏறிவரும் 99ஆம் இலக்கப் பதுளை பஸ் இந்தச் சந்தியில்தான் ஏ4 வீதியை விட்டு ஹப்புத்தளைப் பக்கம் திரும்பும். ஏ4 வீதி கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இறங்கிப் போய்விடும். கோச்சி, அதாவது ரயில், பிடிக்க வேண்டுமென்றால் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு மலையேறி ஹப்புத்தளைக்குப் போக வேண்டும். அதனால் சாதாரண நாட்களில் இந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் கொழும்புக்குப் போவதும் வருவதும் பஸ்ஸில்தான். சந்தியில் ஏறலாம், சந்தியிலேயே இறங்கலாம். வீதி வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ரயிலோ கண்டிப் பக்கம் சுற்றி, ஹட்டன், நானுஓயா, பட்டிப்பொல என்று மலை மலையாக ஏறி இறங்கி, 240 கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் ஹப்புத்தளைக்கு வரும். ஒன்பது மணி நேரம் பிடிக்கும்.

தீபாவளி நெருங்கும்போது இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். வெள்ளவத்தைத் துணிக்கடை, புறக்கோட்டை மொத்த வியாபாரம், ஹோட்டல், வீட்டு வேலை, கட்டட வேலை, கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலை என்று சிதறிக் கிடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இரவில் மலைக்குத் திரும்பப் பார்ப்பார்கள். கடை முதலாளி கடைசி நாள் இரவு வியாபாரம் முடியும்வரை விடமாட்டார். விட்ட பிறகு பஸ் நிலையத்துக்கு ஓடினால் வரிசை வீதிக்கே வந்திருக்கும். தனியார் நெடுந்தூர பஸ்களில் பெரகலவில் இறங்குகிறவரிடமும் பதுளை வரைக்குமான காசைக் கேட்பது பண்டிகைக் காலத்து வழக்கம். கேட்டால், "அப்ப நீங்க அடுத்த பஸ்ல வாங்க" என்பார் நடத்துனர். அடுத்த பஸ்ஸிலும் அதே பதில்தான். நாலைந்து பேர் சேர்ந்து வேன் பிடித்தால் அந்த மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு அங்கேயே போய்விடும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டதே 2024இல்தான். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் தீபாவளி முற்பணத்தையும் பிள்ளையின் பயணக் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பஸ் டிக்கட்டில் சில நூறு ரூபா கூடுவது ஏன் வீட்டில் பேச்சாகிறது என்பது புரியும்.

அப்போதுதான் பஸ்ஸை விடக் கட்டணம் குறைந்த கோச்சி ஞாபகத்துக்கு வருகிறது. கூடவே, லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன யோசனையும்: ஒரே டிக்கட்டாக எடுக்காதே, இரண்டாகப் பிரித்து எடு, காசு குறையும். அது இங்கே பலிக்குமா?

அங்கே ஏன் குறைகிறது?

லண்டன்காரர் சொல்வது உண்மை. பிரித்தானியாவில் ஒரு நகரிலிருந்து இன்னொரு நகருக்கு நேர் டிக்கட் எடுப்பதைவிட, நடுவில் ஒரு நிலையத்தில் வெட்டி இரண்டு டிக்கட்டாக எடுத்தால் பல வழிகளில் காசு குறையும். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், அதே ஆசனத்தில் உட்கார்ந்தபடி போகலாம். லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் நடுவில் டிட்கொட் பார்க்வே என்ற நிலையத்தில் வெட்டுவது பல வருடங்களாக எல்லோரும் எடுத்துச் சொல்லும் உதாரணம். பயண விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. எந்த நிலையத்தில் டிக்கட்டை வெட்டுகிறீர்களோ அந்த நிலையத்தில் வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிற்காமல் பறந்துபோகிற வண்டியில் ஏறினால் இரண்டு டிக்கட்டும் செல்லாது, அபராதம்தான்.

இதற்குக் காரணம் அங்கே கட்டணத்துக்கு ஒரே வாய்ப்பாடு கிடையாது என்பதுதான். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில்வேயைத் துண்டு துண்டாகத் தனியாருக்குக் கொடுத்தபோது, ஒவ்வொரு ஊர்ச் சோடிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பை ஏதாவதொரு கம்பனியிடம் கொடுத்தார்கள். சில வகை டிக்கட்டுக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்தது, சிலவற்றைக் கம்பனியின் விருப்பத்துக்கு விட்டது. அலுவலகக்காரர்கள் வேறு வழியில்லாமல் வாங்கும் நெடுந்தூரக் காலை டிக்கட்டுகள் ஏறிக்கொண்டே போயின. பக்கத்துப் பாதையில் இன்னொரு கம்பனி போட்ட கட்டணம் அப்படியே கிடந்தது. இப்படி முப்பது வருடம் ஒட்டுப்போட்டு வந்த அட்டவணையில் அ முதல் இ வரை போகும் கட்டணம், அ முதல் ஆ, ஆ முதல் இ இரண்டையும் கூட்டினால் வரும் தொகையைவிடக் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது காரணம் நெரிசல் நேரம். வார நாட்களில் காலை வண்டிக்கு ஒரு விலை, அது தாண்டினால் பாதிக்குப் பாதியாகவும் குறையலாம். நேர் டிக்கட் எடுத்தால் நீங்கள் ஏறிய நேரத்தைப் பார்த்து முழுத் தூரத்துக்கும் நெரிசல் விலை போடுவார்கள். வெட்டி எடுத்தால், முதல் துண்டுக்கு மட்டும் நெரிசல் விலை. வண்டி நடு நிலையத்தைத் தாண்டும்போது நெரிசல் நேரம் முடிந்திருந்தால் இரண்டாம் துண்டுக்கு மலிவு டிக்கட்டே செல்லும். ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் இருக்கும் நம் ஆட்கள் இதைத் தலையில் கணக்குப் போடுவதில்லை. அதற்கென்றே இணையத்தளங்கள் இருக்கின்றன. ஊரைப் போட்டால் எங்கே வெட்டலாம் என்று காட்டும். மிச்சமாகும் காசில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்வார்கள். 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயில் தொடங்கி அங்கே கம்பனிகளை மீண்டும் அரசுடைமையாக்கி வருகிறார்கள். ஆனால் பழைய அட்டவணைக் கோணல் ஒரே நாளில் நிமிரக்கூடியதல்ல.

ஆகவே, அங்கே டிக்கட்டை வெட்டுவது கெட்டித்தனம் என்பதைவிட, கோணலான அட்டவணை பயணிக்கு விட்டுவைத்த ஓட்டை என்பதே சரி. ஓட்டை இருந்தால்தானே புகுந்து வர முடியும்?

இங்கே ஓட்டை இல்லை

நமது ரயில்வேயில் முன்பதிவில்லாத டிக்கட்டுக்கு விலை போடுவது தூரம்தான். காலை வண்டி, மாலை வண்டி, தீபாவளி வண்டி என்று விலை மாறாது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் தீபாவளிக்கு முதல் நாள் எடுத்தாலும், யாருமே பயணம் செய்யாத ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தாலும் ஹப்புத்தளைக்கு மூன்றாம் வகுப்பு ஒரே விலை. நெரிசல் விலை என்ற ஒன்று இல்லாதபோது அதை வெட்டித் தப்புவதற்கும் ஒன்றுமில்லை. கோட்டையிலிருந்து நாவலப்பிட்டிக்கு ஒன்று, நாவலப்பிட்டியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஒன்று என்று எடுத்தால் கூட்டுத்தொகை சமமாக வரும், அல்லது கொஞ்சம் கூடும். குறையாது.

இந்தியாவில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விலை குறையும்; மூட்டையாக வாங்கினால் கிலோ விலை இறங்குவது போல. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே டிக்கட் எடுப்பவரைவிட, திருச்சியில் வெட்டி இரண்டு எடுப்பவர் கூடுதலாகக் கொடுப்பார். ஒவ்வொரு டிக்கட்டுக்கும் தனித்தனியே முன்பதிவுக் கட்டணமும் உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டில் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் வெட்டி எடுக்கத்தான் செய்கிறார்கள். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. தென்மாவட்ட வண்டிகள் திறந்த சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். அப்போது சென்னை திருச்சி ஒரு டிக்கட், அதே வண்டியில் திருச்சியிலிருந்து இன்னொரு டிக்கட் என்று தேடினால் சில சமயம் இடம் கிடைக்கும், ஏனென்றால் இடையில் இருக்கும் ஊர்களுக்கென்று ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. நடு இரவில் எழுந்து பெட்டி மாற வேண்டியிருக்கும். காசு கொஞ்சம் கூடப் போகும். உட்கார்ந்து போகலாம்.

ஊவாவுக்கும் அந்தக் கணக்குதான் பொருந்தும், லண்டன் கணக்கு அல்ல. மலையகப் பாதையில் டிக்கட்டை வெட்டுவதன் பயன் ஆசனம். ஆசனம் கிடைத்தால் வேனுக்கும் பண்டிகை பஸ்ஸுக்கும் போகிற காசு மிஞ்சும். மிச்சம் அந்தச் சுற்றுவழியில்தான் வருகிறது.

ஒரே டிக்கட்டில் வந்தவர்கள்

இந்த மலைக்கு நம் ஆட்களில் பலர் வந்தது முழு வழிக்கும் ஒரே டிக்கட்டில்தான். அது காகிதத்தில் இல்லை. 1901இல் தோட்டத்துரைமார் கொண்டுவந்த தகர டிக்கட் முறையில், தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் தொழிலாளியின் கழுத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறிய தகர வில்லையைக் கட்டிவிடுவார்கள். வழியில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். வழியிலுள்ள முகாமில் சோறு, கப்பல், ரயில் எல்லாம் அந்த வில்லையைக் காட்டியே நடக்கும். செலவு முழுவதும் தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டு, தோட்டத்திலிருந்து கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடன் கணக்குக்கு இறங்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. எந்த இடத்திலும் வெட்ட முடியாத டிக்கட். நடு வழியில் இறங்கிப் போகவும் முடியாது.

1914இல் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பலும் இரு கரை ரயிலும் இணைந்த பிறகு காசு கொடுத்துப் பயணம் செய்கிறவர்களுக்கும் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கட் கிடைத்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி அறுந்தது.

ரயில் ஊவாவுக்குள் வந்ததும் தொழிலாளிக்காக அல்ல. 1886இல் ஊவா தனி மாகாணமானது. தேயிலைப் பெட்டியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க ரயில் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். 1885இல் நானுஓயா வரை வந்திருந்த பாதை, 1893இல் ஹப்புத்தளைக்கும் அடுத்த வருடம் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளைக்கு முப்பது வருடம் பிடித்தது, 1924இல்தான் வண்டி போனது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு நிலையத்துக்குக் கீழே சுரங்கத்தில் நுழைவது இந்தக் கடைசித் துண்டில்தான். எல்லவுக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலமும் இதில்தான். அன்று தேயிலைக்காகப் போட்ட பாதையின் இந்தத் துண்டைத்தான் இன்று உலகத்துச் சுற்றுலாப் பயணி தேடி வருகிறார்.

அதுவே இன்று பெரகலப் பிள்ளைக்குச் சிக்கல். கண்டியிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ எல்லவுக்குப் போகும் ஆசனத்துக்கு இருக்கும் கிராக்கியில், முன்பதிவு திறந்தவுடனேயே மூடிவிடுகிறது. 2025 ஜனவரியில் அமைச்சரவைப் பேச்சாளர் நளிந்த ஜயதிஸ்ஸ, எல்லப் பாதையின் டிக்கட்டுகள் 42 வினாடிகளில் விற்றுத் தீர்ந்ததாகச் சொன்னார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை தொடங்கியது. வாங்கியவர்கள் அவற்றைப் பல மடங்கு விலைக்கு வெளிநாட்டவருக்கு விற்றதுதான் குற்றச்சாட்டு. அதன் பிறகு இணையத்தில் ஆசனம் பதிகிறவர்கள் அடையாள அட்டை இலக்கத்தையோ கடவுச்சீட்டு இலக்கத்தையோ கொடுக்க வேண்டும், வண்டியில் அதைக் காட்டவும் வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் 42 வினாடிக்குள் விரலை ஓட்ட, துணிக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையிடம் நல்ல போனும் வேண்டும், அந்த நேரத்தில் போனைத் தொட முதலாளி விடவும் வேண்டும்.

அரச ஊழியருக்கு வருடத்துக்கு மூன்று இலவச விடுமுறை ரயில் வாரண்ட் உண்டு, குடும்பத்தோடு போகலாம். தோட்டத்திலிருந்து படித்து ஆசிரியராகவோ தபால் ஊழியராகவோ ஆனவர்களுக்கும் அது கிடைக்கிறது. அவர்களுடைய தம்பி தங்கைமார் கடையில் நின்று சம்பாதித்தால் ஒன்றும் கிடையாது. சம்பளம் குறைந்தவர் முழுக் காசும் கொடுக்க வேண்டும், சம்பளம் நிரந்தரமானவர் வாரண்டைக் காட்டலாம். இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டு யோசிக்க எந்த அரசாங்கத்துக்கும் தோன்றியதில்லை.

எங்கே வெட்டுவது?

மலையகப் பாதையில் கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது. அதைப் பார்த்து வெட்ட வேண்டும்.

தீபாவளி வண்டியில் கோட்டையில் ஏறுகிறவர்களில் பெரும்பகுதியினர் ஊவாவுக்கு வருகிறவர்கள் அல்ல. மலையகத் தமிழர் அதிகமாக வாழ்வது நுவரெலியா மாவட்டத்தில். நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று நிலையத்துக்கு நிலையம் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டே போவார்கள். நானுஓயா தாண்டும்போது, கோட்டையில் காலூன்ற இடமில்லாமல் இருந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மூலையில் ஓர் இடம் கிடைத்துவிடும். ஆகவே ஹப்புத்தளைக்காரருக்கு உண்மையில் ஆசனம் தேவைப்படுவது பயணத்தின் முதல் பெரும்பகுதிக்குத்தான். கோட்டையிலிருந்து ஹட்டன் அல்லது நானுஓயா வரை ஆசனம் பதிந்துகொண்டு, மிச்சத்துக்குப் பதிவில்லாப் பெட்டிக்கு மாறலாம்.

சுற்றுலாப் பயணி பதிவது இதற்கு எதிர்ப்பக்கம். அவருக்கு வேண்டியது கண்டிக்கு அப்பால், நானுஓயாவுக்கு அப்பால் இருக்கும் துண்டு. கண்டியில் ஏறுகிறவருக்கு விற்கப்பட்ட ஆசனம் கோட்டையிலிருந்து கண்டி வரை வெறுமையாக வரக்கூடும். ஹப்புத்தளை வரை என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் இணையத்தளம், கண்டி வரை அல்லது ஹட்டன் வரை என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்வது இதனால்தான். கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். முப்பது நாளுக்கு முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடுகிறது. தீபாவளித் திகதி நாட்காட்டியில் ஒரு வருடத்துக்கு முன்னாலேயே இருக்கிறது.

இனி இந்த வழியின் முள்.

லண்டனில் டிக்கட்டை வெட்டினாலும் ஆசனத்தை விட்டு எழ வேண்டாம் என்று சொன்னோம். இங்கே எழ வேண்டும். பதிவில்லா டிக்கட்டோடு முன்பதிவுப் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் பரிசோதகர் விடமாட்டார். நானுஓயாவில் பையைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஓடி, பின்னால் இருக்கும் பெட்டியில் ஏற வேண்டும். பெட்டிக்குப் பெட்டி உள்ளே நடந்து போகலாம் என்று நினைத்தால், வாசலையும் நடைபாதையையும் அடைத்து நிற்கிறவர்களைக் கடப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும்.

இன்னொன்று, இரண்டாவது டிக்கட்டை எங்கே வாங்குவது என்பது. கோட்டை நிலையத்துக் கவுண்டரில் கோட்டையிலிருந்து புறப்படுகிற டிக்கட்தான் கொடுப்பார்கள். நமது நிலையங்களில் இன்னும் புழங்கும் அந்தச் சிறிய தடித்த அட்டை, இங்கிலாந்துக்காரரான தோமஸ் எட்மண்ட்சன் 1830களில் கண்டுபிடித்த வடிவம். உலகத்தில் பல நாடுகள் அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டன. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் முன்னமே அச்சடித்திருக்கும். கவுண்டர்காரர் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, இரும்பு முத்திரையில் அழுத்தித் திகதி பதித்துக் கொடுப்பார். நானுஓயா முதல் ஹப்புத்தளை என்று அச்சடித்த அட்டை நானுஓயா அடுக்கில்தான் இருக்கும். வண்டி நிற்கும் சில நிமிடத்தில் இறங்கி, வரிசையில் நின்று, வாங்கி, திரும்பி ஓடி ஏறுவது தீபாவளிக் கூட்டத்தில் நடக்கிற காரியமல்ல. தனியாக வருகிறவர் துணிந்து செய்யலாம், கைக்குழந்தையோடு வரும் அக்கா செய்ய முடியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோட்டையிலேயே ஹப்புத்தளை வரைக்கும் மூன்றாம் வகுப்புப் பதிவில்லா டிக்கட் ஒன்றையும், நானுஓயா வரை முன்பதிவு ஆசனம் ஒன்றையும் எடுத்துவிடுவது. நானுஓயா வரைக்கும் இரட்டைச் செலவுதான். ஆனால் பதிவில்லா மூன்றாம் வகுப்பு இந்த நாட்டில் இன்னும் மலிவாக இருக்கும் சில பொருட்களில் ஒன்று. 2022 ஜூலையில் கட்டணத்தை உயர்த்தியபோதுகூடக் குறைந்தபட்ச டிக்கட் 20 ரூபாவுக்குத்தான் வந்தது. இரண்டையும் கூட்டி, பஸ்ஸில் கேட்கும் பதுளை விலையோடும் வேன் பங்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பதிவுக் கட்டணம், பதிவில்லா டிக்கட்டைப் போல ஒவ்வொரு நிலையத்துக்கும் நுணுக்கமாக ஏறி இறங்குவதில்லை என்பதால், ஹட்டன் வரை பதிவதா நானுஓயா வரை பதிவதா என்பதை விலை கேட்ட பிறகு முடிவு செய்வது நல்லது. இரண்டும் ஒரே விலை என்றால் நானுஓயா.

குடும்பமாக வந்தால் கணக்கு இன்னொரு விதம். நாலு பேருக்கும் முன்பதிவு தேவையில்லை. அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆசனம், மற்ற இரண்டு பேரும் பதிவில்லாப் பெட்டியில் நின்று வருவது தோட்டப்புறத்தில் பலரும் பேசாமல் செய்து வருகிற ஏற்பாடு. இதுவும் டிக்கட்டை வெட்டுவதுதான், தூரத்தில் அல்ல, ஆட்களில்.

ஹப்புத்தளையில் இறங்கியதும் மிச்சம் பிடித்த காசெல்லாம் கரையும் ஓர் இடம் இருக்கிறது. கோட்டையில் காலை 5.55க்குப் புறப்படும் பொடி மெனிக்கே வண்டி வழக்கமாகப் பிற்பகலில் ஹப்புத்தளைக்கு வந்துவிடும், பெரகலவுக்குப் போக பஸ் இருக்கும். வண்டி தாமதித்தால், அதுவும் மழை நாளில், இருட்டிவிடும். அப்போது த்ரீவீல்தான். அந்த இருட்டில், பனிமூட்டத்தில், பெரகலவுக்கு வளைந்து இறங்கும் ஏ16 வீதியில் கேட்கிற காசை யாரும் பேரம் பேச முடியாது. இரவுத் தபால் வண்டியில் வந்தால் விடியற்காலையில் இறங்கி, முதல் பஸ் வரும்வரை நிலையத்திலேயே இருந்துவிடலாம். குளிருக்கு ஒரு சுவெட்டர் போதும், த்ரீவீல் காசு மிச்சம். என்னைக் கேட்டால் பெரகலக்காரருக்கு இரவு வண்டியே மேல், தூக்கம் கெட்டாலும்.

அவிசாவளை வழி

ரயிலையும் பஸ்ஸையும் கலந்து வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கோட்டையிலிருந்து அவிசாவளைக்குக் களனிவெளிப் பாதையில் ரயிலில் போய், அங்கே பஸ் பிடித்து இரத்தினபுரி, பலாங்கொடை என்று ஊர் ஊராக மாறி பெரகலவுக்கு வருவது. கொழும்பு வீதி நெரிசலைத் தாண்டிவிடலாம், முதல் துண்டு மலிவு. ஆனால் பண்டிகைக்கு முதல் நாள் மாலை அவிசாவளையில் நிற்கும் பஸ்கள் எல்லாம் கொழும்பிலேயே நிரம்பி வந்தவை. நின்றுகொண்டு வரத் தயாரென்றால் சரி. பஸ்ஸில் துண்டு துண்டாக மாறுவதில் காசு குறையாது. ஒவ்வொரு முறையும் ஆரம்பக் கட்டணத்திலிருந்து தொடங்குவதால் கொஞ்சம் கூடும். குறைவது, பதுளை வரைக்குமான காசைக் கொடுக்க வேண்டிய தண்டனை மட்டும்தான். பலாங்கொடையிலிருந்து ஹல்துமுல்லப் பக்கம் வரும் குறுந்தூர பஸ்ஸில் பெரகலவுக்குப் பெரகல விலைதான்.

இந்த வழியில் ஒரு காலத்தில் ரயில் இன்னும் தூரம் வந்தது. களனிவெளிக் குறுகிய பாதை இரத்தினபுரியைத் தாண்டி ஓப்பநாயக்க வரை ஓடியது. பலாங்கொடைக்கு எட்டிப் பார்க்கும் தூரம். 1976இல் அவிசாவளைக்கு அப்பால் மூடிவிட்டார்கள். அந்தப் பாதை இருந்திருந்தால், நீட்டியிருந்தால், ஊவாவின் தெற்கு விளிம்புத் தோட்டங்களுக்குக் கண்டியைச் சுற்றாத ரயில் ஒன்று இருந்திருக்கும். இரத்தினபுரிக்கு மீண்டும் ரயில் என்ற பேச்சு அவ்வப்போது எழும், தேர்தல் முடிந்ததும் அமரும்.

2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயல், இருக்கிற பாதையையும் அறுத்தது. மலையகப் பாதையில் மண்சரிவும் கட்டு உடைப்புமாகச் சேதம் மிகக் கடுமை. பதுளை மாவட்டத்தில் உயிர்ச்சேதமும் அதிகம். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த பெரகலப் பக்கத்துக்கு இந்த மண்ணின் குணம் தெரியும். இப்படியான நாட்களில் வண்டியே துண்டாகத்தான் ஓடும். பாதை திறந்த இடம் வரை கோச்சி, மிச்சத்துக்கு பஸ். ஆகவே முன்பதிவு செய்யும் முன், வண்டி எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பதை நிலையத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். முகநூலில் சுற்றும் பழைய நேர அட்டவணையை நம்பி ஹப்புத்தளை வரை மலையேறி ஏமாற வேண்டாம்.

திரும்பிப் போகும்போது

வருவதைவிடத் திரும்பிப் போவது சிரமம். தீபாவளி முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் கடை திறக்கிறது, அதற்குள் கொழும்பில் நிற்க வேண்டும். பதுளையில் புறப்படும் வண்டி ஹாலிஎல, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை என்று நிரம்பிக்கொண்டே ஹப்புத்தளைக்கு வரும். எல்லவில் ஏறிய சுற்றுலாப் பயணிகள் வாசலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வரும்போது நானுஓயாவுக்குப் பிறகு இடம் கிடைத்ததே, போகும்போது அது நடக்காது. நானுஓயாவிலும் ஹட்டனிலும் ஏறக் காத்திருக்கும் கூட்டம் இன்னும் பெரிது. ஆக ஹப்புத்தளையில் நின்றபடி ஏறினால் கோட்டை வரை நிற்க வேண்டியதுதான்.

இதற்குத் தோட்டத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி, முன்னால் போவதற்காகப் பின்னால் போவது. பெரகலவிலிருந்து பஸ்ஸில் நேரே பதுளைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வண்டி மேடைக்கு வந்ததும் முதல் ஆளாக ஏறி, பதிவில்லாப் பெட்டியில் சன்னலோர இடத்தைப் பிடிக்கிறார்கள். பதுளையிலிருந்து கோட்டைக்கு டிக்கட், அதற்கு மேல் பஸ் காசு. ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து வண்டி ஹப்புத்தளை மேடைக்கு வரும்போது, தாங்கள் காலையில் பஸ்ஸில் கடந்துபோன அதே ஊரில், கீழே நிற்கிற கூட்டத்தில் தெரிந்த முகங்களைச் சன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பையை வாங்கிக்கொள்கிறார்கள். கூடுதலாகப் போனது ஒரு பஸ் டிக்கட்டும், பதுளைக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவே உள்ள நாற்பது சொச்சம் கிலோமீட்டருக்கான மூன்றாம் வகுப்புக் கட்டண வித்தியாசமும். ஆட்கள் அதிகமாகப் போனால் ஒருவரை மட்டும் பதுளைக்கு அனுப்பி, ஓர் ஆசனத்தில் இரண்டு பேர் ஒடுங்கி உட்காருவதும் உண்டு. அப்போது அந்த ஒருவரின் மேலதிகச் செலவை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.